எதிரில் உட்கார்ந்து கற்றது

மாதத்தில் ஒரு நாள் எங்கள் ஊரில் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துவார்கள். கம்பியில் உரசுகிற கிளைகளை வெட்ட, பழுது பார்க்க என்று சொல்வார்கள். மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் வராது. ஊர் முழுக்கச் சலித்துக்கொள்கிற அந்த நாளுக்காக நான் மாதம் முழுக்கக் காத்திருப்பேன். அன்றைக்குப் பக்கத்து வீட்டு மிக்சி ஓடாது. எதிர்வீட்டு டிவி பேசாது. மாவு மில் நிற்கும். ஒலிபெருக்கி எதுவும் வாயைத் திறக்காது. என் வீட்டு மின்விசிறி கடகடவென்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும், அதுவும் அடங்கிவிடும். செங்கோட்டைப் பக்கம் போகிற ரயில் மட்டும் தன் நேரத்துக்குக் கூவிவிட்டுப் போகும். அது போன பிறகு நான் கதவைச் சாத்துவேன். கைபேசியை அரிசி டின்னின் மேல் நிறுத்துவேன். கிட்டாரை மடியில் எடுத்து வைப்பேன்.

எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறேன். படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன், ஆனால் யாரையும் எழுதித்தரச் சொல்லவில்லை. நாற்பது வருசத்துக்கு மேல் பீடி சுற்றினேன். கண் மங்கிய பிறகுதான் தட்டை இறக்கி வைத்தேன். நான் வாசிப்பதற்குப் பெயர் பிளமெங்கோ. ஸ்பெயின் தேசத்தில் தெற்குப் பக்கத்துச் சனங்களின் வாசிப்பு. பீடி சுற்றிய கிழவிக்கு அது எங்கேயிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு, என் வீட்டுக்காரரிடமிருந்து வந்தது என்று சொல்லுவேன். அவர் போய் ஆறு வருசம் ஆகிறது.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் தூத்துக்குடியிலிருந்து சரக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை. ஒரு தடவை கப்பல் பழுதாகி, ஸ்பெயினில் ஒரு துறைமுகத்தில் ஏழு மாதம் கட்டிப் போட்டுவிட்டார்கள். பழுது பார்க்க வந்த வெல்டர் ஒருத்தர் சாயங்காலம் ஆனதும் பட்டறை வாசலில் உட்கார்ந்து வாசிப்பாராம். இவர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டார். வரும்போது ஒரு கிட்டாரும் ஒரு பழைய டிரங்குப் பெட்டியுமாக வந்தார். அதற்குப் பிறகு கப்பலுக்குப் போகவே இல்லை. இங்கேயே மோட்டாருக்குக் காயில் கட்டுகிற வேலை பார்த்தார். கச்சேரி, மேடை எதற்கும் அவர் போனது கிடையாது. சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கையைக் கழுவிவிட்டு, ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசிப்பார். நான் அவருக்கு நேர் எதிரில், பாயில், பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேறு இடமும் கிடையாது, ஒற்றை அறை வீடு.

அவர் வாசித்ததில் ஒன்று மெதுவாகப் போகும். பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ண வேண்டும். மூன்றிலும் ஆறிலும் எட்டிலும் பத்திலும் பன்னிரண்டிலும் ஊன்ற வேண்டும். அந்த மாதிரி வாசிப்புக்கு சோலெயா என்று பேராம். என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு, தனிமை என்று வைத்துக்கொள் என்றார்.

"எதிர நான் ஒருத்தி குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். என்ன தனிமை வேண்டிக் கெடக்கு உங்களுக்கு?" என்றேன்.

"பேருதானளா அது" என்று சிரித்தார்.

அந்த வாசிப்பு வெல்டர் சொல்லிக்கொடுத்ததாக ஆரம்பித்து, வருசம் ஆக ஆக இவருடையதாக மாறிவிட்டது. பன்னிரண்டு கொண்டது ஒரு சுற்று. மூன்று சுற்றுக்கு எனக்கு ஒரு பீடி முடியும். இலையில் தூளை வைத்து, உருட்டி, நூலைச் சுற்றி, தலையை மடக்கும்போது சரியாக அவர் பன்னிரண்டில் வந்து நிற்பார். அவர் என்னைப் பார்த்து வாசித்தாரா, நான் அவரைக் கேட்டுச் சுற்றினேனா என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. ஒன்பதாவது சுற்று முடிந்ததும் ஓர் இடத்தில் கையை நரம்புமேல் வைத்து எல்லாச் சத்தத்தையும் நிறுத்துவார். தலையைத் தூக்குவார். ஒரு மூச்சு நேரம். பிறகு சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகத் தெறிக்க விடுவார். வாசல் தெளிக்கும்போது விரல் நுனித் தண்ணீரைத் தெறிப்போமே, அந்த மாதிரி. நாங்கள் சண்டை போட்ட நாட்களில் மட்டும் அந்த இடத்தோடு நிறுத்திவிட்டு, இன்றைக்குப் போதும் என்று கிட்டாரைச் சுவரில் சாத்திவிடுவார். கோபத்தில் இருக்கிற மனுசனுக்கு வாசிக்க மனசு வராதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வாசிப்பை யாரும் பதிந்து வைக்கவில்லை. வீட்டில் டேப் ரெக்கார்டர் இருந்தது. மகளுடைய பாட்டுப் போட்டிக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சினிமா வசனத்துக்கும் அதில் இடம் இருந்தது. தினமும் கேட்கிற ஒன்றை யார் பதிவார்கள்? ஆற்றுத் தண்ணீரை யாராவது குப்பியில் பிடித்து வைக்கிறார்களா, எங்கள் ஊர்க் கடனா ஆறு வற்றுகிற வரைக்கும்.

அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு நான் பீடிக் கத்தரிக்கோலை எடுத்து, கிட்டாரின் ஆறு நரம்பையும் அறுத்துப் போட்டேன். துட்டி கேட்க வந்த பிள்ளைகள் யாராவது அதை எடுத்து டொங் டொங் என்று தட்டிவிடக் கூடாது என்று நினைத்தேன். மகள் அழுதுகொண்டே, இதை ஏன் அறுத்தாய் என்று கேட்டாள்.

மூன்று வருசம் அது சுவரில் மொட்டையாக நின்றது. மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் டீச்சர். அங்கே வந்து இரு என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லுவாள். போய் இருபது நாள் இருந்து பார்த்தேன். அவளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு நான் வாசல் கதவின் சாவி மாதிரி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்துவிட்டேன். வந்த அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு, என்னை அறியாமல் பாயை விரித்து அந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். எதிரில் நாற்காலி. நாற்காலியில் துவைத்த துணி. அப்போதுதான் எனக்கு ஓர் ஆசை வந்தது. இங்கே இருந்துகொண்டு, இந்தப் பாயில், எதிரிலிருந்து அது வருவதை இன்னும் ஒரு தடவை கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஆனால் அது வரவேண்டும் என்றால் யாராவது வாசிக்க வேண்டும். அதைத் தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

டிரங்குப் பெட்டியில் பிரிக்காத நரம்புப் பொட்டலம் இருந்தது. நானே மாட்டினேன். அவர் மாட்டுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். தடித்த நரம்பு மேலே, முகத்துப் பக்கம் வரும். மெல்லியது கீழே, தொடைப் பக்கம். கட்டைவிரலுக்குத் தடித்த சத்தம், மற்ற விரல்களுக்கு மெல்லிய சத்தம். கிட்டாரை மடியில் வைத்து அந்தக் கணக்குக்கு மாட்டினேன். கழுத்தின் தலைப்பில் நரம்பு உட்கார்வதற்கு வெள்ளைக் கட்டை ஒன்று உண்டு, அதில் ஆறு வெட்டு இருக்கும். தடித்த நரம்பு அதன் வெட்டில் இறங்க மாட்டேன் என்றது. நாளாகிக் கட்டை இறுகிவிட்டது என்று நினைத்து, கத்தரிக்கோல் நுனியால் சுரண்டி அகலப்படுத்தினேன். அவர் விட்டுப்போன இரும்புக் கவை ஒன்று உண்டு. முழங்காலில் தட்டினால் ஒரே சுரம் வரும். அதை வைத்து மற்றவற்றைப் பிடித்தேன்.

நகத்தை வளர்த்தேன். நரம்பை இழுக்கிற கைக்கு நகம் வேண்டும். பக்கத்து வீட்டில் இன்னும் பீடி சுற்றுகிறவள் ஒருத்தி இருக்கிறாள், என்னை மதினி என்பாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"என்ன மதினி, ஒரு கைக்கு மட்டும் நகம் வளக்கிய? பாதிக் கல்யாணமா?"

"மீதிக்கு உன் கையைக் கடன் கேக்கலாம்னு இருக்கேன்" என்றேன்.

என் விரல்களுக்கு வேலை தெரியும். நாற்பது வருசம் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை மடக்கி நீட்டிய விரல்கள். தெறிக்க விடுவது ஆறு மாதத்தில் வந்துவிட்டது. மற்றக் கை நரம்பை அமுக்குவதற்கு ஒரு வருசத்துக்கு மேல் ஆனது. விரல் நுனி முதலில் கொப்புளித்தது, பிறகு காய்த்தது. அவர் கை எங்கே போகும் என்பதை நான் கண்ணை மூடிப் பார்ப்பேன். நாற்பது வருசப் படம் உள்ளே ஓடும். அதைப் பார்த்து அப்படியே என் கையை நகர்த்துவேன். புத்தகம் பார்த்தோ, கைபேசியில் எவராவது சொல்லித்தருவதைப் பார்த்தோ நான் கற்கவில்லை. அவருக்கும் எனக்கும் நடுவில் வேறு எவனும் வந்து நிற்கக் கூடாது என்று ஒரு வீம்பு.

இரண்டாவது வருசக் கடைசியில் ஒன்பது சுற்றும் அதற்குப் பிறகு வருவதும் கைக்கு வந்துவிட்டது. பதியத் தொடங்கினேன்.

பதிவதுதான் வாசிப்பதைவிடக் கஷ்டம் என்று அப்போது தெரிந்தது. கைபேசியை மடிக்குப் பக்கத்தில் வைத்தால் குடத்துக்குள் வாசித்த மாதிரி இருக்கும். தள்ளி வைத்தால் சுவர் பேசும். பழைய இலைச் சாக்குகளைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன், சுவர் அடங்கியது. மயில் கூவும். பால்காரர் மணி அடிப்பார். எல்லாம் சரியாக வருகிற அன்றைக்கு இருமல் வரும். அப்போதுதான் கரண்ட் இல்லாத நாளின் அருமை தெரிந்தது. அதனால் எனக்கு மாதத்துக்கு ஒரு நாள்தான் கிடைக்கும்.

எப்படிப் பதிந்தாலும் அந்த நடு இடத்தில் மட்டும் தப்பிப்போகும். சத்தத்தை நிறுத்தித் தலையைத் தூக்குகிற இடம். எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பது பிடிபடவில்லை. இரண்டு எண்ணினால் அவசரம். நான்கு எண்ணினால் செத்துப்போகிறது. மகளுக்கு அனுப்பினேன். நல்லா இருக்கு யம்மா, நடுவுல கட் ஆகிருச்சு போல என்று எழுதியிருந்தாள். கட் ஆகவில்லை, அது அப்படித்தான் என்று நான் திரும்ப எழுதவில்லை.

போன வருசம் ஐப்பசியில் மோதிரவிரல் மடங்கிக்கொள்ள ஆரம்பித்தது. காலையில் மடக்கினால் நிமிராது. மற்றக் கையால் பிடித்து இழுத்தால் டப் என்று நிமிரும். அம்பாசமுத்திரத்தில் டாக்டரிடம் காட்டினேன். விரலுக்கு வேலை கொடுக்காதீர்கள், போகப் போக இன்னும் இறுகும் என்றார். இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்று கேட்டேன். எதுக்கு ஓடணும்னு சொல்லுங்க என்றார். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன். பீடி என்று நினைத்திருப்பார்.

அடுத்த கரண்ட் இல்லாத நாளுக்கு, மகள் சொன்னபடி படமாக எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். கை தப்புகிற இடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம் அல்லவா. கைபேசியின் முன்பக்கத்துக் கேமராவில் நம்மையே பார்த்துக்கொண்டு எடுக்கலாம் என்று சொல்லியிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, டின் மேல் அதை நிறுத்தி, பொத்தானை அமுக்கினேன்.

திரையில் அவர் இருந்தார்.

முகம் என்னுடையதுதான். வெள்ளைத் தலை, மூக்குத்தி, எல்லாம் என்னுடையவை. ஆனால் கிட்டாரின் கழுத்து அவர் மடியில் எந்தப் பக்கம் நீண்டிருக்குமோ அந்தப் பக்கமே நீண்டிருந்தது. கை அந்த இடத்திலேயே ஏறி இறங்கியது. பாயில் உட்கார்ந்து பார்த்த அதே காட்சி. முதல் தடவை மூன்றாவது சுற்றிலேயே எனக்குக் கை நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினேன். முழுதும் வாசித்தேன். மூன்று வருசத்தில் நான் தனியாக இல்லாமல் வாசித்தது அந்த ஒரு தடவைதான்.

முடித்து, பதிந்ததைப் போட்டுப் பார்த்தேன். கழுத்து எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. அவரைக் காணோம். யாரோ ஒரு கிழவி எதையோ திருப்பிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைபேசி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அனுப்பிவிட்டு மகளைக் கூப்பிட்டேன், போன் படத்தை மாற்றி மாற்றிக் காட்டுகிறது, என்னவென்று பார் என்றேன். பார்த்துவிட்டு இரண்டு நிமிசத்தில் திரும்பக் கூப்பிட்டாள்.

"போன் சரியாத்தான் இருக்கு. எடுக்கும்போது கண்ணாடி மாதிரி காட்டும், எடுத்த பெறகு உள்ளபடி காட்டும். நீதான் யம்மா மாத்திப் பிடிச்சிருக்க. அப்பா வலக்கையில வாசிப்பாரு. நீ எடக்கையில வாசிக்க."

"ஏட்டி, உங்கப்பாவுக்கு எதிர உக்காந்து நாப்பது வருசம் பாத்தவ நான். நீ டிவி பாத்தவ."

அவள் பைய, "எதிர உக்காந்து பாத்ததாலதான் யம்மா" என்றாள்.

நான் போனை வைத்துவிட்டேன்.

பீரோக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். கிட்டாரை எடுத்துக்கொண்டு போய், இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. எத்தனை விசயம் என் முன்னாலேயே கிடந்திருக்கிறது. நரம்பு இறங்காத வெட்டு. பலகையில் விரலால் தட்டுகிற இடத்தில் மரம் கீறாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருக்கும். என் விரல் தகடு இல்லாத பக்கம் வெறும் மரத்தில் தட்டித் தட்டிப் புதிதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அவர் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவார். நகத்துக்குள் பருக்கை போய்விடுகிறது என்பார். கப்பலுக்குப் போய் வந்த பவுசு என்று ஊர் பேசும், நானும் பேசியிருக்கிறேன். எனக்கும் இந்த மூன்று வருசமாக நகம் இருக்கிறது. நான் கையால்தான் பிசைந்து சாப்பிடுகிறேன். ஒரு பருக்கைகூட நகத்தில் போனதில்லை. அங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

இரண்டு நாள் கிட்டாரைத் தொடவில்லை. தப்பு செய்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. நான் அவர் கையை வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது இல்லை என்று ஆகிவிட்டதே, அதுதான் தாங்கவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறித் திருநெல்வேலி போய், ஜங்ஷன் பக்கம் இசைக் கருவி விற்கிற கடையில் கிட்டாரை நீட்டினேன். கடைக்காரர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வெள்ளைக் கட்டையில் நான் சுரண்டிய இடத்தைத் தடவினார்.

"ஆச்சி, இது யாரு பண்ணுன வேலை?"

"நான்தான்."

"எடக்கைக்காரங்க வாசிக்க மாதிரி மாட்டியிருக்கிய."

"நான் எடக்கைக்காரி இல்ல. பழையபடி மாட்டும்."

புதுக் கட்டை வைத்து, புது நரம்பு போட்டு, வலக்கைக்கு மாட்டித் தந்தார். வீட்டில் வந்து சரியான பக்கம் பிடித்தேன். கை ஊமையாகிவிட்டது. இந்த விரல் போக வேண்டிய இடத்துக்கு அந்த விரல் போகிறது. கண்ணை மூடினால் வருகிற படத்தில் அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் படத்தைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு முயன்றாலும் அவர் முதுகுப் பக்கம் என்னால் போக முடியவில்லை. நாற்பது வருசத்தில் ஒரு நாள்கூட நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் இல்லையே. பதினெட்டு நாள் முயன்றேன். இதற்குள் விரல் காலையில் மட்டும் இல்லாமல் மத்தியானமும் மடங்கிக்கொள்ள ஆரம்பித்தது. இன்னொரு மூன்று வருசம் என் கையில் இல்லை.

பத்தொன்பதாம் நாள் எல்லா நரம்பையும் கழற்றி, மறுபடி என் பக்கத்துக்கே மாட்டினேன். புது வெட்டையும் கத்தரிக்கோலால் சுரண்டினேன். கடைக்காரர் பார்த்தால் வருத்தப்படுவார்.

கரண்ட் நிற்கிற நாள் வந்தது. தை மாசம், காற்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் போய் ஒரு கட்டு இலை கேட்டு வாங்கினேன். தூள் வேண்டாமா என்றாள். வேண்டாம் என்றேன். தூள் இல்லாம என்னத்தச் சுத்தப் போறிய என்றாள். சும்மா கைக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தத் தடவை கைபேசியை டின்னின் மேல் வைக்கவில்லை. பாயை விரித்து, நான் உட்காருகிற இடத்தில், என் காது இருக்கிற உயரத்துக்குத் தலையணைகளை அடுக்கி, அதன் மேல் சாத்தி வைத்தேன். நான் கேட்க வேண்டிய இடம் அதுதானே. படம் வேண்டாம், சத்தம் மட்டும் என்று போட்டேன். வெந்நீரில் கையை ஊறவைத்து விரலை நிமிர்த்தினேன். ரயில் போனது. நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தேன்.

நான்காவது சுற்றில் ஒரு நரம்பு உறுமியது. ஏழாவதில் மோதிரவிரல் ஒரு தட்டைத் தவறவிட்டது. நிற்கவில்லை. நடு இடத்தில் கையை வைத்து அடக்கி, எண்ணாமல், மனசுக்குப் பட்ட நேரம் விட்டு, தெறிக்க விட்டேன். முடிந்ததும் விரல் மடங்கிக்கொண்டது. இனி நிமிர்த்தினாலும் அது வாசிக்கிற விரல் இல்லை என்று தெரிந்தது.

கைபேசியை எடுத்துப் போய் நாற்காலியில் வைத்தேன். துவைத்த துணியை எல்லாம் முன்னமே எடுத்துவிட்டேன். நான் பாயில் என் இடத்தில் உட்கார்ந்தேன். தட்டை மடியில் வைத்து, ஓர் இலையைக் கையில் எடுத்துக்கொண்டு, மறு கையை நீட்டிப் பொத்தானை அமுக்கிக் கேட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், அது அவர் வாசிப்பு மாதிரி இல்லை. அவர் ஊன்றுகிற இடத்தில் இது தயங்கியது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் அவசரம். இவ்வளவு நாள் இதற்காகவா என்று ஒரு கசப்பு வந்தது. ஆனாலும் கை தன்பாட்டுக்கு இலையை உருட்டத் தொடங்கிவிட்டது. தூள் இல்லாத வெறும் இலை. மூன்று சுற்றுக்கு ஒன்று முடிந்தது. ஆறுக்கு இரண்டாவது. கண் இலையில்தான் இருந்தது. ஒன்பதாவது முடிந்து சத்தம் நின்றபோது நான் மூன்றாவதன் தலையை மடக்கிக்கொண்டிருந்தேன்.

"ம்" என்றேன்.

நான் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. வாய் சொன்னது. சொன்ன மாத்திரத்தில் நாற்காலியிலிருந்து விரல்கள் தெறித்தன, நான் சொல்வதற்கென்றே காத்துக்கொண்டிருந்த மாதிரி.

இலை கையிலேயே நின்றது. மீதி எல்லாம் வாசித்து முடித்தது, நான் கேட்கவில்லை. நாற்பது வருசம் தினமும் அந்த இடத்தில் நான் அதைச் சொல்லியிருக்கிறேன். தலையை மடக்கி முடித்ததும் ஒரு பெருமூச்சு மாதிரி வருகிற ம். அதற்குத்தான் அவர் தலையைத் தூக்கிக் காத்திருந்திருக்கிறார். சண்டை போட்ட நாட்களில் நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். வராது என்று தெரிந்து அவர் கிட்டாரைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். ஒரு தடவைகூட, ஏளா, நீ சொல்லு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் வீம்புக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.

மறுபடி போட்டேன். ஒன்பதாவதில் சரியாகச் சொன்னேன். மறுபடி போட்டேன். ஐந்தாவது தடவை போடும்போது கரண்ட் வந்துவிட்டது. மின்விசிறி கடகடவென்று சுழன்றது, தட்டில் இருந்த தூளில்லாத பீடிகள் உருண்டு பாயில் விழுந்தன. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியது. எதிர்வீட்டு டிவி விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தது.

மகளுக்கு அனுப்பினேன். சாயங்காலம் கூப்பிட்டாள். நல்லா வந்திருக்கு யம்மா, ஆனா இப்பவும் நடுவுல கொஞ்சம் நின்னு போகுது, அதை வெட்டி ஒட்டித் தரட்டுமா என்று கேட்டாள்.

"வெட்டாத. அது எனக்கு உள்ள எடம்" என்றேன்.

கிட்டாரில் நரம்புகள் அப்படியே இருக்கின்றன. இந்தத் தடவை நான் அறுக்கவில்லை. ஐந்தரை மணிக்குப் பாயை விரிக்கிறேன். கைபேசி நாற்காலியில் இருக்கும். மின்விசிறியை நிறுத்திக்கொள்வேன்.